பேனாவைப் பேணுதல்

மாணவர்களே, 'பேனா' என்ற சொல்லுக்கும் 'பேணுதல்' என்ற சொல்லுக்கும் பிறப்பால் யாதோர் உறவும் இல்லை. முன்னது போர்ச்சுகீசியர் வாயிலாகத் தமிழுக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்பது பொருள். பறவையின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர், இறகு போய் எஃகு முள் வந்த பின்பும், எஃகு முள்ளோடு பொன் முள் சேர்ந்த பின்பும் மாறாமல் நின்றுவிட்டது. 'தூவல்' என்று தனித்தமிழ்ப் பெயர் இட்ட அன்பர்களும் அதே இறகைத்தான் நினைத்தார்கள். உறவில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்து இப்பேச்சுக்குத் தலைப்பிட்டது ஒலி இன்பம் கருதி அன்று. பேணத் தெரியாமல் நான் ஒரு பேனாவைக் கெடுத்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன், மாணவர்களைப் பார்த்து 'பொருளைப் பேணுங்கள்' என்று எத்தனையோ முறை சொன்னவன், தன் கையிலிருந்த பொருளைக் கெடுத்தான் என்பதை வெளியே சொல்லக் கூச்சந்தான். ஆயினும் அந்தப் பேனாவின் கதைக்குள் எழுதுகருவிகளின் நெடிய வரலாறு ஒன்று அடங்கியிருப்பதால் சொல்லத் துணிகின்றேன்.

அது ஜெர்மனியில் செய்யப்பட்ட பேனா. கறுப்பு மூடி, பச்சைக் கோடுகள் ஓடும் உடல், ஒளிக்கு எதிரே பிடித்தால் உள்ளே மை நிற்கும் அளவு தெரியும். அடிப்புறத்தில் ஒரு சிறு குமிழ் உண்டு. அதைத் திருகினால் உள்ளே ஓர் உந்துதண்டு இறங்கும். மறுபுறம் திருகினால் மேலேறும். ஏறும்போது மையை உறிஞ்சிக்கொள்ளும். பிஸ்டன் பேனா என்பது இதுவே. எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர், மலேயாவிலிருந்து வந்த உறவினர் தமக்கு அளித்த அப்பேனாவைப் பல ஆண்டுகள் வைத்து எழுதியவர். 1983ஆம் ஆண்டில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துச் சொல்லிக்கொள்ளப் போனபோது, சட்டைப் பையிலிருந்து எடுத்து என் பையில் செருகினார். 'எழுதிக்கொண்டே இரு, இது கெடாது' என்று மட்டும் சொன்னார். அவ்வாக்கியத்தின் முற்பகுதியே முதன்மையானது என்பது எனக்கு மிகப் பின்னால்தான் விளங்கிற்று.

எங்கள் ஊர் நல்லம்பள்ளி. சேலத்திலிருந்து தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாய் ஏறிக் கடந்தபின் வரும் ஊர். எழுத்தின் வரலாற்றைப் பேச இவ்வட்டாரம் மிகவும் தகுதியுடையது என்பேன். பழந்தமிழ்த் தகடூர் நாடு இது. இங்கே எழுத்து முதலில் கல்லில் நின்றது. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் பல, வட்டெழுத்துப் பொறித்தவை, தருமபுரி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். உளியால் எழுதியவனுக்கு மை வேண்டியதில்லை. பனையோலையில் எழுதியவனும் எழுத்தாணியால் முதலில் கீறினான். பின்னரே கரியைத் தடவி எழுத்தைத் தெரியச் செய்தான். அவனிடம் எழுதுகோல் வேறு, மை வேறு. எழுதுகோலும் மையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத நிலை காகிதத்தோடு வந்தது. தொல்லையும் அதனோடுதான் வந்தது.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு மாறியபோது, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ, தருமபுரியில் ஏழாண்டுகள் போலத் தங்கி நிலவரித் திட்டம் செய்தார். பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநரான அதே மன்றோதான். ஊர் ஊராக அலைந்து அவர் எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் ஏராளம். எஃகு முள் பெருவழக்காக வருமுன் அவர் எழுதியவை. ஆகையால் இறகால் எழுதியவை. இறகுப் பேனாவில் ஒரு தோய்ப்புக்குச் சில சொற்கள்தாம் வரும். முனை மழுங்கினால் சீவ வேண்டும். பாராமகாலின் நிலமெல்லாம் அளக்கப்பட்ட கணக்கு முழுவதும், சில சொற்களுக்கு ஒருமுறை மைக்கூட்டை நாடிய கைகளால் எழுதப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

மை எங்கிருந்து வந்தது? நம்முடைய மலைகளிலேயே அதற்குரிய சரக்கு உண்டு. சித்தேரி, கல்வராயன் முதலிய மலைகளில் விளையும் கடுக்காயை இடித்துக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்தால் கருநீல நிறமுள்ள மை உண்டாகும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் கூடி, காற்றுப் பட்டதும் கறுக்கின்றன. ஐரோப்பாவில் கருவாலி மரத்தின் காய்ப்புண்ணைக் கொண்டு இதே முறையில் மை செய்தார்கள். காகிதத்தின் இழைக்குள் புகுந்து கறுப்பதால் இந்த மை நீரால் அழியாது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பதுண்டு. இரும்பு மையால் எழுதிய பெயர்கள் நேற்று எழுதியவை போல நின்றன. சில இடங்களில் மையின் புளிப்பு காகிதத்தையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அடுத்த பக்கங்களில் சாய மையால் எழுதிய பெயர்கள் வெளுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டும் படிக்க இயலாமல் இருந்தன. நிலைக்கும் மை காகிதத்தைத் தின்கின்றது. காகிதத்தைத் தின்னாத மை நிலைப்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நின்றுதான் மை செய்வோர் நெடுங்காலம் திண்டாடினார்கள்.

இனி, மையைப் பேனாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் எண்ணத்துக்கு வருவோம். இது மிகப் பழைய ஆசை. பத்தாம் நூற்றாண்டில், எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபா அல்-முயிஸ் என்பார், கையிலும் உடையிலும் மை ஒழுகாத பேனா ஒன்று வேண்டும் என்று கேட்டு, அவ்வாறே செய்து அளிக்கப்பட்டது என அக்கால நூலொன்று கூறுகின்றது. 1827ஆம் ஆண்டில், பாரிசில் படித்துக்கொண்டிருந்த பெத்ராக்கே போயெனாரு என்ற ருமேனிய மாணவர், தானே மை ஊட்டிக்கொள்ளும் பேனாவுக்குப் பிரெஞ்சு அரசிடம் காப்புரிமை பெற்றார். பாடக் குறிப்பு எழுதுகையில் அடிக்கடி மை தொடுவது அவருக்குத் தொல்லையாக இருந்ததாம். மாணவர்களின் சோம்பல் எப்போதும் பழிக்கத்தக்கது அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆயினும் இப்பேனாக்கள் நம்பத்தக்கவையாக இல்லை. ஒன்று எழுதமாட்டா, அல்லது ஒரேயடியாகக் கொட்டிவிடும். காரணத்தை நீங்களே வீட்டில் கண்டறியலாம். பப்பாளி இலையின் காம்பை நறுக்கினால் நல்ல குழல் கிடைக்கும். அதை நீரில் அமிழ்த்தி, மேல்வாயை விரலால் மூடிக்கொண்டு தூக்குங்கள், நீர் விழாது. விரலை எடுங்கள், நீர் முழுவதும் விழும். காற்று உள்ளே போனால்தான் நீர் வெளியே வரும். காற்று தங்குதடையின்றிப் போனால் நீரும் தங்குதடையின்றி வரும். ஆகவே, பேனாவிலிருந்து எவ்வளவு மை போகின்றதோ அவ்வளவு காற்று மட்டும், அளவாக, உள்ளே செல்ல வழி வேண்டும். 1884ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்றது இவ்வழிக்கே. நிப்பின் அடியில் கறுப்பு நாக்கு ஒன்று ஒட்டியிருக்கக் கண்டிருப்பீர்கள்; எங்கள் வகுப்பில் அதைக் 'கட்டை' என்போம். அதில் ஒரு பள்ளமும், அப்பள்ளத்தின் அடியில் மயிரிழை போன்ற கீறல்களும் உண்டு. அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அக்கீறல்களின் வழியாக மை நிப்பை நோக்கி நகரும். பள்ளத்தின் வழியாகக் காற்று சிறு குமிழிகளாக மேலே செல்லும்.

வாட்டர்மன் காப்புறுதி முகவர் என்றும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வேளையில் பேனா மையைக் கொட்டிவிட, அதற்குள் வேறொருவர் அந்த ஒப்பந்தத்தைத் தட்டிக்கொண்டு போனார் என்றும், அந்த ஆத்திரத்தில் அவர் புதுப் பேனாவைக் கண்டார் என்றும் ஒரு கதை உண்டு. நானும் அக்கதையைப் பல ஆண்டுகள் வகுப்பில் சுவைபடச் சொல்லியிருக்கின்றேன். அது பிற்காலத்து விளம்பரம் கட்டிய கதை. ஆதாரம் ஏதும் இல்லை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். என்னிடம் கேட்டவர்கள் அதனை மறந்துவிடுமாறு வேண்டிக்கொள்கின்றேன். கீறல்களுள்ள அந்தக் கட்டை மட்டும் மெய்.

மை வெளியே வரும் வழி இவ்வாறு சீர்ப்பட்டது. மையை உள்ளே செலுத்தும் வழி இன்னும் சீர்ப்படவில்லை. தொடக்கத்தில், கழுத்தைக் கழற்றிச் சிறு கண்ணாடிக் குழலால் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். பின்னர், பேனாவுக்குள் ரப்பர்ப் பையை வைத்து, அதை அமுக்கி விட்டு மை உறிஞ்சச் செய்தார்கள். அமெரிக்காவில் ஷேஃபர் என்பவர் 1908ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற நெம்புகோல் பேனா இவ்வகையது. ஆயின் ரப்பர்ப் பை நாளடைவில் இற்றுப்போகும். நம் வெயிலில் இன்னும் விரைந்து இற்றுப்போகும். உடலின் இடத்தைப் பையே பிடித்துக்கொள்வதால் மை கொள்ளும் அளவும் குறைவு.

பை வேண்டா, பேனாவின் உடலே மைக்கூடாக இருக்கட்டும், பீச்சாங்குழல் நீரை இழுப்பது போல அதுவே மையை இழுத்துக்கொள்ளட்டும் என்று எண்ணியவர்கள் முன்பும் இருந்தார்கள். ஒரு தடை குறுக்கே நின்றது. உந்துதண்டு உள்ளே இரண்டு அங்குலம் நகர வேண்டுமானால், சாதாரணத் திருகில் குமிழும் வெளியே இரண்டு அங்குலம் நீண்டு நிற்க வேண்டும். தியோடர் கோவாக்ஸ் என்ற ஹங்கேரியப் பொறியாளர் இதற்கு விடை கண்டார். ஒன்றுக்குள் ஒன்றாக, புரிகள் வெவ்வேறு இடைவெளியில் அமைந்த இரண்டு திருகுகளை அவர் சேர்த்தார். குமிழ் மயிரளவே வெளியே வரும். உள்ளே உந்துதண்டு நெடுக ஓடிவிடும். இவ்வமைப்பின் உரிமையை ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துப் பெலிக்கன் நிறுவனத்தார் பெற்றனர். அவர்கள் பேனா செய்து பழகியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வண்ணமும் மையும் செய்தவர்கள். 1929ஆம் ஆண்டில் அவர்கள் முதல் பிஸ்டன் பேனாவை வெளியிட்டார்கள். மை தெரியும் கண்ணாடி போன்ற உடலும், உந்துதண்டின் முனையில் தக்கையால் ஆன அடைப்பும் அதில் இருந்தன. பிற்காலத்தில் தக்கை போய்ச் செயற்கைப் பொருள் வந்தது. அமைப்பின் அடிப்படை இன்றளவும் அதுவே. இன்று மாற்றிப் போடும் சிறு மைக்குழல் முக்கால் மில்லிலிட்டர் போலக் கொள்ளும். நல்ல பிஸ்டன் பேனா அதைப்போல இருமடங்கு கொள்ளும்.

இங்கே ஒரு வேடிக்கை. பிஸ்டனை அமைத்த கோவாக்ஸ் ஹங்கேரியர் என்றேன். அதே நாட்டைச் சேர்ந்த லாஸ்லோ பீரோ என்ற பத்திரிகையாளர் 1938ஆம் ஆண்டில் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை கொண்டார். ஊற்றுப்பேனாவை நிறைவு செய்தவரும் அதற்குக் கேடு சூழ்ந்தவரும் ஒரே நாட்டவர்.

நம் நாட்டின் கதை வேறு வழியாகச் சென்றது. உப்பைப் போலவும் துணியைப் போலவும், பேனாவும் மையும் சுதேசிப் போராட்டத்தின் பொருள்களாயின. ஆந்திரத்தில் ராஜமுந்திரியைச் சேர்ந்த கே. வி. ரத்தினம் என்பவர், காந்தியடிகளின் தூண்டுதலால் பேனா செய்ய முற்பட்டார். 1935ஆம் ஆண்டில், நம் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழியாக ஒரு பேனா காந்தியடிகளுக்குச் சென்றது. அவர் அதில் எழுதிப் பார்த்து, கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று பாராட்டிக் கடிதம் எழுதினார். வங்காளத்தில் ராஜ்சாகி என்னும் ஊரில் மைத்ரா சகோதரர்கள் 1934ஆம் ஆண்டில் 'சுலேகா' மையைத் தொடங்கினார்கள். நம் சென்னையிலும் திருவள்ளூரிலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்த் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து பேனா செய்யும் கைவினைஞர்கள் தோன்றினார்கள். திருவள்ளூர் ரங்கா பேனாவை இன்றும் வெளிநாட்டார் விரும்பி வாங்குகின்றனர். இவர்கள் கையில் பிறந்தவை பெரும்பாலும் கழுத்தைக் கழற்றி மை ஊற்றும் பேனாக்களே. அதில் அறிவுக்குறைவு ஏதும் இல்லை. பையும் திருகும் இல்லாத பேனாவில் கெடுவதற்கும் ஒன்றும் இல்லை. கிராமத்துப் பள்ளி மாணவன் கையில் அதுவே தகும்.

நாங்கள் எழுதியதும் அவ்வகைப் பேனாவில்தான். பலகையும் பல்பமும் விட்டுப் பேனா பிடித்த ஆண்டில், கடையில் காசு கொடுத்தால் கடைக்காரரே மை ஊற்றித் தருவார். அதற்கும் வழியில்லாதவர்கள் மை வில்லையை நீரில் கரைத்து ஊற்றிக்கொள்வோம். அந்த நீர் எங்கள் ஊர்க் கிணற்று நீர். தருமபுரி வட்டாரத்துக் கிணற்று நீரின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். உப்பும் சுண்ணமும் மிகுந்தது. புளூரைடு மிகுந்து பிள்ளைகளின் பல்லைக் காவியாக்கியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் நிறைவேறிக் காவிரி நீர் வரும்வரை எங்களுக்கு அதுவே நீர். அந்நீரில் கரைத்த மை, பேனாவின் அடியில் சேறு போல மண்டும். கட்டையின் கீறல்கள் அடைபட்டு, பேனா எழுதாது. உதறுவோம், முன்னால் இருப்பவன் சட்டையில் மை விழும், பிரம்படி விழும். பேனாவின்மீது குற்றம் சொல்வோம். குற்றம் நீரின்மீது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

என் ஜெர்மானியப் பேனாவுக்குத் திரும்புகின்றேன். ஆசிரியனாக இருந்தவரை அதில் நாள்தோறும் எழுதினேன். தலைமையாசிரியன் ஆனபின் பச்சை மை ஏற்றினேன். அரசிதழில் பதிவு பெற்ற அலுவலருக்குரிய அந்தப் பச்சை மைக்காக, சான்றிதழ் நகல்களைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாயிலில் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள், கல்லூரியில் சேரும் பெண்கள், பேருந்துச் சலுகை கேட்கும் பெரியவர்கள் என எத்தனை பேர் அந்த நிப்பின்முன் நின்றார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 2017ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். அன்று மாலை பேனாவை மூடி அலமாரியில் வைத்தேன். உள்ளே பாதியளவு பச்சை மை இருந்தது. அதை வெளியேற்ற வேண்டும் என்ற நினைவே எழவில்லை. பிறகு மளிகைச் சீட்டு எழுதப் பந்துமுனைப் பேனாவே போதுமாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, என் பேத்தி ஆறாம் வகுப்புக்கு வந்து மைப்பேனா கேட்டபோது அதை எடுத்தேன். மையின் நீர் வற்றி, உடல் முழுவதும் கரும்பச்சைப் பிசினாக ஒட்டியிருந்தது. குமிழ் அசையவில்லை. அன்றே நான் நிறுத்தியிருக்கலாம். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் திருகினேன். 'சடக்' என்றொரு சிறு ஒலி கேட்டது. அதன்பின் குமிழ் மிக எளிதாகச் சுழன்றது. உள்ளே உந்துதண்டு நின்ற இடத்திலேயே நின்றது. என் ஆசிரியர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

தருமபுரியில் முன்பு பேருந்து நிலையத்தருகே நிப்பு மாற்றித் தருபவர் ஒருவர் குடைக்கடியில் உட்கார்ந்திருப்பார். அவர் போன இடமும் தெரியவில்லை, அத்தொழிலும் போயிற்று. பல நாள் கழித்து, ஓசூரில் கடைசல் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது பேனாவைக் காட்டினேன். அவர் கணக்குப் பாடத்தில் என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவர். பேனாவை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஐயா, இதைத் திருகியது யார்?' என்று கேட்டார். 'நான்தான்' என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, புரிகளின் இடைவெளி மாறுபட்ட திருகு என்ன செய்யும் என்பதைக் காகிதத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினார். குமிழை ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே தண்டு நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கின்றது; அவ்வாறு ஓட முடியாமல் மை ஒட்டிப் பிடித்திருக்கும்போது, விரலின் வலி முழுவதும் மெல்லிய புரியின்மீது விழுகின்றது; புரி முறியாமல் என்ன செய்யும்? 'மூன்று நாள் தண்ணீரில் போட்டிருந்தால் தானாகக் கழன்றிருக்கும் ஐயா' என்றார். மேலே நான் கோவாக்ஸின் திருகைப் பற்றிச் சொன்னது அவர் எனக்குக் கற்பித்த பாடமே.

பேனாவைக் கழுவ வெந்நீர்தானே சிறந்தது என்று அவரிடம் கேட்டேன். கூடவே கூடாது என்றார். பின்னர் நான் படித்தறிந்ததும் அதுவே. எபோனைட் வெந்நீர் பட்டால் கறுப்பு மாறிப் பழுப்பேறும். பழைய செல்லுலாய்டு உடல் வெந்நீரில் கோணிவிடும். ஸ்பிரிட் பட்டால் கரையவே கரையும். குளிர்ந்த நீரே போதும். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் கூடாது. அது உலர்ந்தால் சுண்ணம் படியும். மழைநீரோ, மின்கலத்துக்கு ஊற்றக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரோ நன்று. கிண்ணத்தில் நீரை எடுத்து நிப்பு முழுவதும் மூழ்க வைத்து, குமிழை மெல்லத் திருகி நீரை இழுக்க வேண்டும். இழுத்ததை வேறொரு கிண்ணத்தில் வெளியேற்ற வேண்டும். வெளிவரும் நீர் தெளியும்வரை இதைச் செய்தால் போதும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால், பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் ஒரே ஒரு சொட்டு நீரில் கலக்கலாம். பின்னர் நல்ல நீரால் பலமுறை கழுவிவிட வேண்டும். இறுதியில் நிப்பைப் பழந்துணியில் சுற்றி, முனை கீழாக ஒரு குவளையில் ஓரிரவு நிறுத்தினால், கட்டைக்குள் நின்ற நீரைத் துணி இழுத்துக்கொள்ளும். அகல்திரியின் வேலைதான் அதுவும். நிப்பையும் கட்டையையும் பிடுங்கிப் பார்க்கும் ஆசை நம் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. பிஸ்டன் பேனாவில் அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

மை மாற்றும்போதெல்லாம் இவ்வாறு கழுவுவது வழக்கமாகட்டும். ஒரே மையைக் கொண்டு நாள்தோறும் எழுதுவோர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்; எழுதும் பேனாவை மையே ஓரளவு கழுவிக்கொண்டிருக்கின்றது. என் ஆசிரியர் சொன்னதன் பொருள் அதுதான். சில வாரம் எழுதப்போவதில்லை என்றால், மையை வெளியேற்றிக் கழுவி உலர்த்தி வைப்பது இன்றியமையாதது. குமிழைத் திருகுவது கடினமாகத் தோன்றினால், உந்துதண்டின் அடைப்புக்குச் சிலிக்கான் பசை குண்டூசி முனையளவு இடலாம். வாசலினும் தையல் இயந்திர எண்ணெயும் ஆகா. அவை அடைப்பைக் கெடுக்கும். கடுக்காய் மையையும், தொட்டெழுதும் பேனாவுக்குச் செய்த வேறு மைகளையும் இதில் ஊற்றக் கூடாது. இரும்பு மை கறுக்கக் காற்று வேண்டும் என்றேன் அல்லவா? பேனாவுக்குள்ளும் காற்று உண்டு. காகிதத்தில் நடக்க வேண்டிய வேலை அங்கேயே நடந்து, கறுப்புத் துகள் கீறல்களில் படியும். எஃகு நிப்பானால் புளிப்பு அதையும் அரிக்கும். படம் வரையும் இந்தியன் இங்க் அதனினும் கொடிது. அதில் புகைக்கரியும் அரக்கும் இருப்பதால் உலர்ந்தபின் நீர் அதை ஒன்றும் செய்யாது.

மை ஏற்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிப்பு முழுதும் மையில் மூழ்கிக் கழுத்தின் நுனியும் நனைய வேண்டும். இல்லையேல் பாதி காற்றே ஏறும். குமிழை மேலேற்றியபின் சில நொடிகள் பொறுத்து எடுக்க வேண்டும். எடுத்தபின் இரண்டு மூன்று சொட்டு மையை மீண்டும் புட்டியிலேயே விட்டு, நிப்பை மேல்நோக்கிப் பிடித்துக் குமிழை முழுதும் ஏற்றிவிட்டால், கட்டையில் மிகுந்து நின்ற மை உள்ளே போகும். முதல் எழுத்தில் சொட்டு விழாது. மை குறைந்த பேனாவைவிட நிறைந்த பேனாவே ஒழுகாமல் இருக்கும் என்பது கேட்பதற்கு வியப்பாக இருக்கும். மை குறைந்தால் உள்ளே காற்று மிகுகின்றது. கையின் சூட்டில் அக்காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகின்றது. தேர்வு நாளில் விடைத்தாளில் மை கொட்டியது என்று அழுத பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கின்றேன். அவர்கள் பேனாவில் அன்று மை குறைவாக இருந்திருக்கும் என்று இப்போது எண்ணுகின்றேன். அவர்களை 'கவனமில்லை' என்று கடிந்தவர்களில் நானும் ஒருவன்.

என் பேனாவை அம்மாணவர் ஓசூருக்கு எடுத்துச் சென்றார். மூன்று நாள் நீரில் ஊறியபின் அடைப்பு கழன்றுவிட்டதாகவும், முறிந்த தண்டுக்கு மாற்றாகப் பித்தளையில் ஒன்று கடைந்திருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னார். அவர் பட்டறையில் மோட்டார் வண்டிகளுக்குரிய உறுப்புகள் ஆயிரக்கணக்கில் கடைகின்றார்கள். இந்த ஒற்றைத் தண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்றாம். கூலி வாங்க மறுத்துவிட்டார். பேனா திரும்பி வந்தபோது எழுதிற்று. ஆயினும் முன்போல் இல்லை. பித்தளையால் பின்புறம் கனக்கின்றது. குமிழ் பழைய மென்மையோடு திரும்புவதில்லை. உடலின் பச்சைக் கோடுகளுக்கிடையே, வற்றிய மையின் கறை ஒரு விரற்கடை அளவு நிலைத்துவிட்டது. எத்தனை முறை கழுவியும் அது போகவில்லை.

பேத்தி அதை வைத்திருக்கின்றாள். பள்ளிக்குக் கொண்டுபோவதில்லை, வீட்டில் எழுத மட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். ஒன்றில் மாடியில் பிடித்த மழைநீர், மற்றொன்று கழிவுக்கு. அவளிடம் கொடுக்குமுன் நான் அதில் நீல மை ஏற்றி ஓசூருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பச்சை மை புட்டியில் மீதி இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு அதில் எழுத உரிமை இல்லை.